முரளி, அந்தப் பழைய மீட்டரைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள முரளி,

அத்தானின் பழைய புல்லட் மீட்டரின் படங்கள் வந்தன. கண்ணாடி மங்கிப்போயிருக்கிறது, குரோம் வளையம் துருப்பிடித்திருக்கிறது, வண்டி ஓடும்போது முள் 40-க்கும் 60-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கிலோமீட்டர் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது என்கிறாய். ஆன்லைனில் புது ஸ்பீடோமீட்டர் பார்த்து வைத்திருக்கிறாயாம், ஆர்டர் போடட்டுமா என்று கேட்கிறாய். போடாதே. நீ சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால், கோளாறு மீட்டரில் இருப்பதைவிட அதன் கேபிளில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

புல்லட்டின் அந்த முகப்பு இருக்கிறதே, ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டும் ஆம்ப் மீட்டர், இரண்டு பக்கமும் பைலட் லேம்ப் என்ற குட்டி விளக்குகள் எல்லாம் ஒரே கேசிங்கில், அது இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு ரெட்டிச் தொழிற்சாலையில் 1954-ல் வந்த வடிவம். அடுத்த வருடமே மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1962 வாக்கில் எல்லா பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்த முகம் பெரிதாக மாறவே இல்லை. சென்னை புதுப்பேட்டையில் சாமான் கிடைப்பதும் அதனால்தான், நகல் மீட்டர்கள் குவிந்து கிடப்பதும் அதனால்தான். நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். எண்கள் தடித்திருக்கும், கறுப்பு பளபளக்கும். அத்தான் வண்டியில் அது ஒட்டவே ஒட்டாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றுகிறது. அதை மூடினாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம், ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. காந்தம் சுழலும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய ஹேர்ஸ்பிரிங் அதைப் பின்னால் பிடிக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷுல்ஸே என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. கிலோமீட்டர் எண்களை நகர்த்துவது தனியாகப் பல்சக்கரங்கள். அதனால், எண்ணும் முள்ளும் இரண்டுமே செத்திருந்தால் கேபிளோ, சக்கரத்தில் அதைச் சுற்றிவிடும் டிரைவோ போயிருக்கிறது. எண் ஓடி முள் மட்டும் கிடந்தால் கிண்ணமோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கிறது. முள் ஏறி எண் நின்றால் பல்சக்கரம். முள் ஆடினால் கேபிள்.

ஆகவே கேபிளிலிருந்து தொடங்கு. இரண்டு முனை நட்டையும் கழற்றி, உள் கம்பியை உருவி மேசைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டு. சீராக உருண்டால் நல்லது. ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடிந்திருக்கிறது, மாற்றிவிடு. முனைகளின் சதுரம் மழுங்கியிருந்தாலும் மாற்று. கிரீஸ் மெல்லிசாகத் தடவு, ஆனால் மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளம் காய்ந்தே இருக்கட்டும். சுழலும் கேபிள் கிரீஸை மேலே ஏற்றிவிடும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் போய் ஒட்டினால், வண்டி நகர்ந்ததும் முள் கடைசி எண்ணுக்குத் தாவும்.

அப்புறமும் ஆடினால்தான் மீட்டரைத் திற. குரோம் வளையத்தின் பின்விளிம்பு மடித்து அழுத்தப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் நெம்பினால் கிழிந்துவிடும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பு. பொறுமை போனால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வா. முள்ளைப் பிடுங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அது சாய்ந்து நிற்கும் குட்டிக் கம்பியைத் தாண்டி முள்ளை மெல்லத் தூக்கி விடு. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஓரிடத்தில் தானாகப் போய் நிற்கும். அந்த இடத்தைப் படம் எடுத்து வை. திரும்பப் பொருத்தும்போது அதே இடத்தில் வைத்து, பிறகு கம்பிக்கு மேலே தூக்கி விட வேண்டும். இதை விட்டுவிட்டால் மீட்டர் காலம் பூராவும் பொய் சொல்லும்.

டயல் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெட்ரோல், தின்னர் எதையும் அருகில் கொண்டுபோகாதே. காது குடையும் பஞ்சைத் தண்ணீரில் லேசாக நனைத்து, முதலில் வளையத்தின் அடியில் மறையும் ஓரத்தில் தொட்டுப் பார். கறுப்பு ஒட்டி வந்தால் அங்கேயே நிறுத்து. பழுத்துப்போன வெள்ளை எண், வெயிலில் வெளிறிய முள், எல்லாம் அப்படியே இருக்கட்டும். உள்ளே துடை, சுழலும் தண்டின் புஷ்ஷில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடு, வெளி முகத்தில் கை வைக்காதே. மீட்டர் ரிப்பேர் கடைக்குப் போனால் எண்களையும் ஜீரோ ஆக்கித் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல். அத்தான் பெட்ரோல் போட்ட கணக்கை டைரியில் எழுதிவைப்பாரே, அந்தக் கிலோமீட்டரெல்லாம் இந்த எண்ணில்தான் வந்து சேருகிறது.

உன் நண்பனின் போர்க்கால வண்டியையும் திறக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதில் எண்களிலும் முள்ளிலும் பச்சை, பழுப்பு நிறத்தில் தடித்த பூச்சு இருந்தால் சுரண்டாதே. அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளிர்வது நின்று போயிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். அந்த மீட்டரை மூடியபடியே விட்டுவிடச் சொல்.

கண்ணாடிக்குள் நீர் கோப்பதற்குக் காரணம் காய்ந்துபோன ரப்பர். புதுசு போட்டால் போதும். புளிச்ச வாடை வரும் சிலிகான் பசையால் ஒட்டாதே, அந்த ஆவி பித்தளையை அரிக்கும்.

மூடும் முன் சோதித்துவிடு. பழைய கேபிளின் துண்டை மீட்டரில் செருகிக் கையால் சுற்று. கடைசிச் சக்கரம் கிலோமீட்டரைக் காட்டுகிறதா, பத்தில் ஒரு பங்கையா என்று பார்த்துக்கொண்டு, ஓர் எண் நகர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணு. பத்தில் ஒரு பங்குக்கு 100 சுற்று என்றால் கிலோமீட்டருக்கு 1000. மணிக்கு 60 என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர்தானே? அப்படியானால் நிமிடத்துக்கு 1000 சுற்றில் முள் 60-ல் நிற்க வேண்டும். பேட்டரி டிரில்லில் மாட்டிச் சுற்றினால் தெரிந்துவிடும். முள் ஏறாமல் கம்பியை அழுத்தினால் டிரில்லின் திசையை மாற்று. ரொம்பக் குறைத்துக் காட்டினால் காந்தம் பலவீனமாகியிருக்கும், அது மீட்டர் கடைக்காரர் வேலை. கொஞ்சம் கூட்டிக் காட்டினால் விட்டுவிடு.

ஆம்ப் மீட்டரைத் திறக்காதே. ஹெட்லைட்டைப் போட்டு ஐடிலில் விட்டால் முள் மைனஸ் பக்கம் சாயும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிளஸ்ஸுக்கு வரும். அது நடந்தால் அந்த மீட்டருக்கு ஒன்றுமில்லை, பின்னால் இருக்கும் இரண்டு நட்டையும் இறுக்கினால் போதும். ஆனால் தொடும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடு, ஸ்பானர் கேசிங்கில் பட்டால் வயரிங்கே எரிந்துவிடும். மீட்டர் செத்திருந்தால், இதை மட்டும் புதுசாக வாங்கு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் கேபிளைப் பார்த்துவிட்டு எழுது. மீட்டரைத் திறக்கும் நிலை வந்தால், சுற்று எண்ணிக்கையையும் டயலின் படத்தையும் அனுப்பு. சுற்று அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, கொரியரில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா