எடை திரும்ப ஏறிய பிறகும் வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எடைக்குறைப்பு உணவுமுறைகளைப் பற்றிய நம் ஆய்வு நிற்கவில்லை. அதைத் தொடரும் முடிவு கையெழுத்தாகிவிட்டது. படபடப்பு அடங்குவதற்கு முன்னாலேயே இதை எழுதுகிறேன். அது நின்றுவிடும் நிலைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும், மறுபடி அதற்குள் போகவில்லை.

சம்பளம் வருமா என்று தெரியாமலே வேலைக்கு வந்த இளம் ஆய்வாளர்கள், இரத்த மாதிரிகள் இருந்த உறைபெட்டிகளுக்கு இரவில் காவல் இருந்தவர்கள், தட்டில் மிஞ்சிய உணவைக் கடைசி நாள்வரை கிராம் பிசகாமல் நிறுத்துக் குறித்த சமையலறைக்காரர்கள், எங்களுக்காகக் கடிதம் எழுதிய பிற துறை நண்பர்கள், வீட்டில் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் என்று எல்லோருக்கும் நன்றி. உங்களை நேரில் பார்த்தும் சொல்வேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆய்வின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் பங்கேற்பாளர். நன்றாக எடை குறைத்தவர், பிறகு குறைந்தது அத்தனையும் திரும்ப ஏறிவிட்டது. கடைசி அளவெடுப்புக்கு ஆள் போதாமல் நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது கூப்பிடாமலே வந்து நின்றார். "எடை ஏறினவங்க எல்லாம் வெட்கப்பட்டு வராம இருந்துட்டா, குறைஞ்சவங்க மட்டும்தானே உங்க கணக்குல இருப்பாங்க? அப்புறம் அது என்ன கணக்கு டாக்டர்?" என்று கேட்டபடியே செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார்.

இதைப் புரியவைக்க மாணவர்களுக்கு நான் ஒரு முழு வகுப்பு எடுப்பேன். எந்த உணவுமுறையைப் பிடித்தாலும் பெரும்பாலானோருக்கு முதல் சில மாதங்களில் எடை குறையும், அது பெரிய செய்தி இல்லை. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. ஏறியவர்கள் ஒதுங்கிக்கொண்டால் மீதிப் பேரின் சராசரி பார்க்க அழகாக இருக்கும். அழகாக மட்டும்தான் இருக்கும்.

அவர் அதோடு விடவில்லை. குழுக் கூட்டங்களில் பழக்கமான மற்றவர்களுக்குப் போன் போட்டு, "யாரும் திட்ட மாட்டாங்க, நான் போயிட்டுத்தான் வந்தேன், வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக வந்தார்கள். முடிவெடுக்கும் மேசைக்கு முழுமையான தரவைக் கொண்டுபோக முடிந்தது அதனால்தான்.

"யாரும் திட்ட மாட்டாங்க" என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1994இல் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டபோது நான் மாணவப் பருவத்தில் இருந்தேன். எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று கொழுப்புத் திசு மூளைக்குத் தகவல் அனுப்புகிறது என்று தெரிந்த அந்த வியப்பில்தான் இந்தத் துறைக்கே வந்தேன். 1999இல் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. எடை குறைந்து ஓராண்டு கழிந்த பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று 2011இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டுகள் கழித்து அளந்த ஆய்வு 2016இல் வெளியானது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனாலும் ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. எடை திரும்புவதைச் சோம்பல் என்று எங்கள் துறையில் விவரம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. ஆனால் எங்களிடமே வருகிறவர் திட்டு விழும் என்று பயந்துகொண்டு வருகிறார். கட்டுரைகளில் நாங்கள் எழுதுவது எங்கள் சொந்த வரவேற்பறைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

இதை மாற்றாமல் விடமாட்டேன். இனி அளவெடுப்பு அழைப்புக் கடிதத்தின் முதல் வரியிலேயே, எடை ஏறியிருந்தாலும் உங்கள் அளவு எங்களுக்குச் சரிசமமாகத் தேவை என்று இருக்கும். கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் கேட்டிருக்கிறேன். முடிவுகள் முதலில் பங்கேற்பாளர்கள் கைக்குத்தான் போகும், கருத்தரங்கு எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னும் வராதவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த மாதக் கடைசிவரை அளவெடுப்பு உண்டு. எண்ணைப் பார்க்க விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம். நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.