அம்மாவுக்கு வயது 67, மாத்திரை அவருக்குத்தான்

நம் ஊர் மருந்துக் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரையை நீங்கள் ஏன் வைப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கருக்கலைப்புக்கும் பயன்படும் மருந்து. கணக்குக் கேட்பார்கள், சோதனைக்கு வருவார்கள், எதற்கு வம்பு. புரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் கேளுங்கள். அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக முடக்குவாதம். டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை போடாவிட்டால் காலையில் விரல் மடங்காது. அதே மாத்திரையால் இரண்டு வருடம் முன்பு இரைப்பையில் புண் வந்து, மலம் கறுப்பாகப் போய், ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் டாக்டர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலோடு மிசோப்ரோஸ்டாலையும் எழுதினார். அம்மா ஆறு கடை ஏறினார். ஐந்தில் "ஸ்டாக் இல்லை". ஆறாவதில் சீட்டைப் பார்த்த பையன் உள்பக்கம் திரும்பி, "அண்ணே, அபார்ஷன் மாத்திரை கேக்குறாங்க" என்று குரல் கொடுத்தான். கடையில் ஏழெட்டுப் பேர். உள்ளிருந்து வந்தவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்கும்மா, பேத்திக்கா?" என்றார்.

பேத்திக்கு ஒன்பது வயது.

அம்மா சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். பயத்தில் வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இப்போது அவர் ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன்.

இந்த மருந்து கடைக்கு வந்ததே வயிற்றுக்காகத்தான். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் உடலில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971இல் காட்டினார். டைக்ளோஃபினாக்கும் அந்த வகைதான். வலி குறைவது அதனால்தான். ஆனால் இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் வழவழப்பைக் காப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். குறைந்துபோனதை ஈடுகட்டும் செயற்கைச் சரக்குதான் மிசோப்ரோஸ்டால். 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது இந்த வேலைக்கே. 1995இல் வெளியான ஆய்வில் முடக்குவாதக்காரர்கள் 8,843 பேர். இதைச் சாப்பிட்டவர்களிடம் ரத்தக்கசிவு போன்ற கடும் சிக்கல்கள் 40 சதவீதம் குறைவு.

"மூட்டு வலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் சீட்டே கேட்காமல் டைக்ளோஃபினாக்கைக் கத்தரித்துத் தருகிறீர்களே, அதுவும் சீட்டுக்கு விற்க வேண்டியதுதானே? புண்ணை உண்டாக்குவதற்குக் கேள்வி கிடையாது, தடுப்பதற்கு விசாரணைக் கமிஷன். அப்புறம், அம்மா வயதானவர் என்பதால் மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண் டாக்டர் சீட்டோடு வந்து நின்றாலும் கூட்டத்தில் கூவ உங்களுக்கு உரிமை இல்லை. கர்ப்பிணிகள் வயிற்றுப்புண்ணுக்கு இதைத் தொடக் கூடாது என்று எச்சரிக்க வேண்டியது சரிதான். அதைக் குரலைத் தாழ்த்தியும் சொல்லலாம்.

சரி, கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான்: ஓர் அட்டையாவது வையுங்கள். சீட்டைப் பாருங்கள், பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மாத்திரையைக் கொடுங்கள். தருவிக்க இரண்டு நாள் ஆகும் என்றாலும் காத்திருக்கிறோம்.

எந்தக் கடைக்கு வர வேண்டும் என்று தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். இந்த முறை நானே வருகிறேன். எனக்கு வயது 41. என்ன நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அந்த அம்மாவின் மகள்