பொலிப்பை எண்ண வேண்டாம், கருவியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான இலக்கங்களாக மாற்றும் மெடிக்கல் கோடிங் படிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிப்போருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொலொனொஸ்கொபியில் (பெருங்குடலைக் கமெராக் குழாயால் பார்க்கும் பரிசோதனை) பொலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி) அகற்றினால் இன்ன இலக்கம் என்று மனப்பாடம் செய்வது போதாது. சிகிச்சைகளுக்கு இலக்கம் கொடுக்கும் அமெரிக்காவின் சிபிடி முறையில் கோடைத் தீர்மானிப்பது பொலிப்பை எடுத்த கருவி.

ஸ்நேர் எனும் கம்பிக் கண்ணியால் எடுத்தால் 45385. அப்படி 3 பொலிப் எடுத்தாலும் ஒரு தடவைதான். மின்சூடு கொடுக்காத ஸ்நேருக்கும் இதே கோட்தான். சூடில்லை என்பதற்காக 45380 போடுவது பிழை. அது பயொப்சி இடுக்கிக்கு (பரிசோதனைக்காகத் திசுவைக் கிள்ளும் கருவி) உரியது. சூடில்லாத இடுக்கியால் சிறு பொலிப் முழுவதையும் கிள்ளி எடுத்திருந்தாலும் 45380தான். சூடேற்றும் இடுக்கி என்றால் 45384.

ஒரே தடவையில் இரண்டு கருவி வரும்போதுதான் தடுமாற்றம் அதிகம். ஒரே பொலிப்பில் முதலில் இடுக்கி, பிறகு ஸ்நேர் என்றால் 45385 மட்டும். ஏறு குடலில் ஒன்றை இடுக்கியாலும் சிக்மொய்டில் (மலக்குடலுக்கு முந்திய குடல் வளைவு) இன்னொன்றை ஸ்நேராலும் எடுத்திருந்தால் இரண்டு கோடும் வரும். 45380 உடன் 59 என்ற மொடிஃபயரை (கோடோடு சேர்க்கும் துணைக் குறி) சேர்க்காவிட்டால் அந்தப் பணம் கிடைக்காது. வெறும் பரிசோதனைக்கான 45378ஐ இவற்றோடு சேர்க்கவே கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஸ்க்ரீனிங்காகச் செய்தது என்றால், பொலிப் அகப்பட்டாலும் ஸ்க்ரீனிங்குக்கான நோய்க் கோடான இசட் 12.11 முதலில் நிற்க வேண்டும். சிபிடி கோடோடு தனியார் காப்புறுதிக்கு 33, அமெரிக்க அரசின் காப்புறுதியான மெடிகெயாருக்கு பிடி என்ற மொடிஃபயர் வேண்டும். இதை விட்டால் நோயாளியின் தலையில் பில் விழும்; இதைவிடக் கொடுமையான கவனக்குறைவு இத்துறையில் குறைவு. பயொப்சி முடிவு வரும்வரை பொறுப்பதும் நல்லது. ஹைப்பர்பிளாஸ்டிக் (பொதுவாகத் தீங்கற்ற வகை) என்றால் கே 63.5, சிக்மொய்டில் அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய வகை) என்றால் டி 12.5.

அறிக்கையில் “பொலிப் அகற்றப்பட்டது” என்று மட்டும் இருந்தால் ஊகிக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

நமது வைத்தியசாலைகளின் நோய் நிர்ணய அட்டைக்கு சிபிடி தேவையில்லை. ஆனால் இடம், எண்ணிக்கை, மில்லிமீற்றரில் அளவு, எடுத்த முறை, பயொப்சி முடிவு ஆகியவை அதிலும் இருக்க வேண்டும். அடினோமா 10 மில்லிமீற்றரை எட்டியதா என்பதையும் வைத்துத்தான் அடுத்த பரிசோதனை 3 வருடத்திலா, இன்னும் பிந்தியா என்று வைத்தியர் முடிவெடுக்கிறார். நுவரெலியாவில் செய்துகொண்டவர் பிறகு கண்டியில் கிளினிக் போனால், அங்குள்ள வைத்தியரின் கையில் இருப்பது அந்த அட்டை மட்டுமே.

மருத்துவக் கோடிங் பயிற்றுநர்கள்,
கண்டி