கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி குறித்து

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னவற்றுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கும் பேச்சு அவ்வளவு எளிதில் வராது என்பதை நீ அறிவாய். வகுப்புக் கருத்தரங்கில் உன் முறை வந்தபோது குரல் எழாமல் நின்றதையும், குவாண்டம் இயக்கவியலில் ஓர் ஐயத்தை மூன்று வாரங்களாக யாரிடமும் கேட்காமல் வைத்திருப்பதையும் நீ ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாய். முன்னதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் டிராக் அளந்து அளந்து பேசியதால், மணிக்கு ஒரு சொல் என்பதை ஒரு ‘டிராக்’ என்று கேம்பிரிட்ஜில் வேடிக்கையாக வரையறுத்திருந்தார்களாம். 1933இல் நோபல் பரிசு கிடைத்தபோது, விளம்பரத்துக்கு அஞ்சி அதை மறுத்துவிட எண்ணியவரிடம், மறுத்தால் இன்னும் அதிக விளம்பரம் வந்து சேரும் என்று மூத்த இயற்பியலர் ரூதர்ஃபோர்டு சொன்ன பிறகே அவர் ஏற்றுக்கொண்டார். பின்னது அப்படியன்று; அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்த எனக்குச் சமன்பாடுகள் தெரியா. ஆனால் கூச்சம் ஒரு மாணவனின் ரெக்கார்டு நோட்டில் எப்படிப் பதிவாகும் என்பது தெரியும். ஒரு பையன் ஒரு பருவம் முழுவதும் ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில், நுண்ணளவு காட்டும் வெர்னியர் அளவுகோலைப் பார்க்கத் தெரியாமலேயே, பக்கத்து மேசைக்காரனின் அளவீட்டோடு ஒன்றிரண்டு மினிட்டை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கை, கூட்டியும் குறைத்தும் எழுதிக்கொண்டு வந்தான். அளவீடுகள் அழகாக இருந்தன. உண்மையில் ஐயத்துக்கு இடமளிக்கும் அளவுக்கு அழகாக இருந்தன. ஒரு மாலை, சோடியம் விளக்குகளை அணைத்துவிட்டு முப்பட்டகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் போய்விட்டார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான். முதன்மை அளவுகோலில் ஒரு பிரிவு அரை டிகிரி, வெர்னியரில் 30 பிரிவுகள், ஆகவே அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவு ஒரு மினிட் என்று காட்டித் தர எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக அவன் ஒரு பருவத்தையே கொடுத்திருந்தான். பேராசிரியரிடம் கேட்க அஞ்சியவர்கள் பலர் என்னிடம் வந்ததற்குக் காரணம் என் அறிவு அல்ல. மதிப்பெண் போடும் பேனா என் கையில் இல்லை என்பதுதான்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1928இல் ஜெர்மானிய இயற்பியலர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவரும் பின்னாளில் புகழ்பெற்ற வானியற்பியலருமான சந்திரசேகர், அணுவைப் பற்றிய அவருடைய நூலை முழுவதும் படித்துவிட்ட துணிவில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். நூல் வெளிவந்த பிறகு இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னாராம். நானாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பேன். சந்திரசேகரோ உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி அவர் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் மெய்ப்புப் படிகளைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கான புதிய குவாண்டம் புள்ளியியலை அதிலிருந்தே கற்று, அடுத்த ஆண்டே அதைப் பயன்படுத்திய தம் ஆய்வுக் கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். வகுப்பு நிறைய ஆட்கள் இருக்கும்போது அவர் எழுந்து கேட்கவில்லை என்பதைக் கவனி. ஓர் அறையில், ஒருவரிடம், முன்பே படித்துக்கொண்டு போய்க் கேட்டார். இது உன்னாலும் இயலும்.

ஆகவே கையைத் தூக்கு என்று நான் உன்னிடம் சொல்லப் போவதில்லை. எந்த வரி வரை புரிந்தது, எந்த வரியில் நின்றுவிட்டாய் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள். பேராசிரியரின் அறை உனக்கு இப்போதைக்குத் தொலைவாகத் தோன்றினால், உங்கள் துறையில் ஆய்வு செய்யும் அக்காமார் யாரிடமாவது போ. மதிப்பெண் போடும் பேனா அவர்களிடமும் இல்லை. பேச்சு வராவிட்டால் தாளை நீட்டினால் போதும்.

அடுத்த ஞாயிறு பேசும்போது, யாரிடம் கேட்டாய் என்பதை மட்டும் சொல். விடையைச் சொன்னாலும் எனக்குப் புரியப் போவதில்லை.

அன்புடன்,
அப்பா