இணைய நூலகத்திலும் ஆள் உட்கார வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி விளையாட்டு உலகங்களுக்குள் நூலகம் அமைப்பது பற்றி வாசகர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். 'வேலையற்ற வேலை' என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கோபி பக்கம் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2006-லேயே அமெரிக்காவின் இல்லினாய் மாநில நூலக அமைப்பு ஒன்று 'செகண்ட் லைஃப்' என்ற, கணினித் திரையில் ஆட்கள் பொம்மை உருவத்தில் நடமாடும் இணைய உலகத்தில் நூலகம் திறந்தது. 'இன்ஃபோ ஐலேண்ட்' என்று பெயர். நூலகர்கள் பொம்மை உருவத்தில் வந்து, முறை வைத்துத் தகவல் மேசையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள். தீவு, கட்டடமெல்லாம் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த மேசைதான்.

நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் புத்தகத்தின் பெயரைத் தெரிந்துகொண்டா வருகிறார்கள்? "ஏனுங்க அம்மிணி, மஞ்சள்ல கிழங்கு அழுகுது, அதுக்கு ஏதாச்சும் புக்கு இருக்குதுங்களா?" என்பார்கள். காட்டில் தண்ணீர் நிற்கிறதா, விதை மஞ்சள் எங்கே வாங்கினீர்கள் என்று நாலு வார்த்தை பேசிய பிறகுதான் எந்த அலமாரிக்குப் போவதென்றே எனக்குத் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை நானும் பயன்படுத்துகிறேன், அருமையான வேலை. ஆனால் தேடல் பெட்டி நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்காதே!

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்கு வெளியே வரும் பெண்ணுக்குக் கிளை நூலகம் பூட்டித்தான் இருக்கும். கையில் செல்போன் உண்டு. செகண்ட் லைஃப் மாதிரி நல்ல கம்ப்யூட்டர் கேட்கும் ஏற்பாடு நமக்கு ஆகாது, சாதாரண போனில் ஓட வேண்டும்.

பிள்ளைகள் விளையாட்டுக்குள் படிப்பார்களா என்கிறார்கள். 2020 மார்ச்சில், பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பாடுபடும் 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குள் ஒரு பெரிய நூலகமே கட்டியது. பல நாடுகளில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே போய்ப் படிக்கலாம். என் பேரன் சாப்பாட்டை மறந்து ஆடும் அதே விளையாட்டுதான்!

சரி, நாம் என்ன செய்யலாம்? கோவை காந்திபுரத்தில் 2024-ல் அடிக்கல் நாட்டிய பெரியார் நூலகத்தின் பெயரிலேயே இப்படியோர் இணைய மேசை போடலாம். இரவு எட்டு முதல் பத்து வரை கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் நூலகர்கள் முறை வைத்து உட்காரட்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இன்ஃபோ ஐலேண்ட் பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பி ஓடியது, ஆர்வம் எத்தனை வருஷம் தாங்கும்? சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம், அதிலிருந்து கேட்கலாமே.

– ஓய்வுபெற்ற நூலகர், கோபிசெட்டிபாளையம்