துவக்கின் இலக்கத்தைப் பார்ப்பவர்கள் போல்ட்டின் பின்னையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வன்னி விவசாயிகளுக்கு இன்னும் கூடுதலாகத் துவக்கு அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும் என்று அண்மையில் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதை மறுக்க நான் வரவில்லை. காலபோக நெல் கதிர் தள்ளும் நேரத்தில் பன்றிக் கூட்டம் ஓர் இரவில் என்ன செய்யும் என்பது நெடுங்கேணிப் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் புதிய துவக்குகளைக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் துவக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒருவராவது கேட்க வேண்டும். பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

துவக்கு வைத்திருப்பவர்கள் குழலைத் துடைக்கிறார்கள், பிடிக்கு வார்னிஷ் பூசுகிறார்கள். சுடும்போது தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. முறித்துத் தோட்டா போடும் ஒற்றைக்குழல் துவக்கில் போல்ட் கிடையாது. நான் சொல்வது, பல தோட்டாக்களை உள்ளே வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும், ரிபீட்டர் என்று நாம் அழைக்கும் 12 போர் துவக்குகளையும் ரைபிள்களையும்தான். அவற்றின் போல்ட்டுக்குள், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் முன்னும் பின்னும் ஓடுகிறது. அது பின்பக்கமாகக் கழன்று போகாமலும், ஓட வேண்டிய தூரத்துக்கு மேல் ஓடாமலும் தடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் குறுக்கே செருகிய ஒரு சின்னப் பின். ஏறக்குறைய தீக்குச்சியின் பருமன்தான் இருக்கும். சுடுபவரின் முகம் இருப்பது அதற்குச் சற்றுப் பின்னால்தான்.

போன மாரிக்கு முன்பு பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் தன் ரிபீட்டரின் போல்ட்டை ஒரு பழைய சாரத்துண்டில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். “சில நேரம் வெடிக்கிறது அண்ணை, சில நேரம் டக்கென்று சத்தம் மட்டும்தான் கேட்கிறது” என்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குறுக்குப் பின் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் கம்பித் துண்டு ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் சுத்தியலால் அடித்துத் தலை விரித்திருந்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகி, ஓரங்களில் ஆணி வழுக்கிய கீறல்கள் தெரிந்தன. போல்ட்டின் முகத்தைப் பெருவிரலால் தடவினேன். ஃபயரிங் பின்னின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து தள்ளினால் போகும், விட்டால் திரும்பி வராது. உள்ளே தேங்காய் எண்ணெயும் உமித்தூசியும் சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தன.

நீட்டிய நிலையில் முனை சிக்கியிருக்கும்போது தோட்டாவை ஏற்றிப் போல்ட்டை வேகமாகத் தள்ளினால், விசையைத் தொடாமலேயே வெடிக்கலாம். பரணில் நிற்பவர் இருட்டில் குழலை எந்தப் பக்கம் பிடித்திருப்பார்? ஏணியடியில் மகன் டோர்ச் லைட்டுடன் நிற்பான். திருத்தும் அனுமதி என்னிடம் இல்லாததால், அந்தத் துவக்கில் இனித் தோட்டா போட வேண்டாம் என்று சொல்லி, அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அதற்காக அவர் கொழும்புவரை போய்வர வேண்டியிருந்தது.

சின்னப் பின்னைக் கழற்றுவது பெரிய வித்தையல்ல. பொறுமையும் சரியான கருவியும் வேண்டும். முதலில் தோட்டா அறையைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலை விட்டும் பார்க்க வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் போல்ட்டை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்தது பின் எந்தப் பக்கமாக வெளியே வரும் என்று அறிவது. சில பின்களின் ஒரு முனையில் நுண்ணிய வரிகள் வெட்டியிருக்கும். வரி இல்லாத முனையில் அடித்தால்தான் வரியுள்ள முனை முதலில் வெளியே வரும். மாறி அடித்தால் துளை கெட்டுவிடும். பின்னைத் தட்டி வெளியே தள்ளப் பஞ்ச் என்ற இரும்புக் கோல் வேண்டும், அது பின்னைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். முதலில் கட்டையான பஞ்சால் பின்னை அசைய வைத்துவிட்டு, பிறகு நீளமானதால் தள்ள வேண்டும். தகடு சுருட்டிய ரோல் பின் என்றால், நடுவில் சிறு குமிழுள்ள தனிப் பஞ்ச் இருக்கிறது. சாதாரணப் பஞ்சால் அடித்தால் அதன் வாய் நசுங்கி உள்ளேயே இறுகிவிடும். அடியில் துளையுள்ள மரக்கட்டையோ பித்தளைக் கட்டையோ வைத்து, சிறிய சுத்தியலால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். கறள் பிடித்து அசையாவிட்டால் கறள் நீக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு இரவு முழுக்க வைத்தால், காலையில் பெரும்பாலும் வரும். சில போல்ட்டுகளில் ஃபயரிங் பின்னைச் சுற்றி ஒரு சுருள் (ஸ்பிரிங்) அமுங்கியிருக்கும். பின் கழன்றவுடன் அது பாயும். வெளிச்சம் தெரியும் பொலித்தீன் பைக்குள் கையை விட்டு வேலை செய்தால் சுருளும் தொலையாது, கண்ணும் தப்பும்.

பின் வரவில்லை என்று காஸ் சுவாலையால் போல்ட்டைச் சூடாக்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே போல்ட்டின் இரும்பைப் பதப்படுத்திக் கடினமாக்கியிருக்கிறார்கள். சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், உழவு இயந்திரத்தின் எந்தப் பின்னையும் கடைந்து தருவார்கள். அவர்களிடம் நான் கேட்பதெல்லாம், துவக்கின் போல்ட்டை மட்டும் சுவாலைக்கும் வெல்டிங்குக்கும் காட்டாதீர்கள் என்பதுதான். ஆணியும் சைக்கிள் கம்பியும் அங்கே பின் ஆகாது. அவற்றின் இரும்பு அந்த அடிகளைத் தாங்காமல் வளையும், வளைந்தால் ஃபயரிங் பின் குறுக்கே மாட்டும்.

பொலிஸில் நாங்கள் வேலை பார்த்த ரி-56 தானியங்கித் துப்பாக்கியில் ஒரே சின்னப் பின்தான் ஃபயரிங் பின்னையும் தாங்குகிறது, வெற்றுத் தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பின்னையும் நழுவாமல் பூட்டுகிறது. அந்த ஒன்று தேய்ந்தால் இரண்டு வேலையும் கெடும். அதில் ஃபயரிங் பின்னைத் திருப்பித் தள்ளச் சுருளும் கிடையாது. அதனால் போல்ட்டைக் காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்ப்போம். உள்ளே கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டால்தான் கையொப்பமிடுவோம். பழைய 303 ரைபிளில் வேறொரு கவனம் வேண்டும். அதன் போல்ட்டில் ரைபிளின் இலக்கமே பொறித்திருக்கும். துடைக்கும்போது இரண்டு ரைபிள்களின் போல்ட்டுகள் மாறிவிட்டால் போல்ட்டின் முகத்துக்கும் அறைக்குள் இருக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி பொருந்தாமல் போகலாம். எந்தத் துவக்கின் போல்ட்டும் அந்தத் துவக்கோடுதான் இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் எல்லோரும் அதையே பூசுகிறார்கள். மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் உறைவதுபோலவே அது போல்ட்டுக்குள்ளும் உறைகிறது. பன்றி வருவதும் அந்தக் குளிரான பின்னிரவில்தான். மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசினால் போதும். சொட்டச் சொட்ட விட்டால் சூடடிப்புத் தூசியெல்லாம் அதில் ஒட்டும். ஈரத் துவக்கை உறைக்குள் போட்டு மூடி வைப்பதும் கூடாது. உறைக்குள் நிற்கும் ஈரமே கறளுக்குப் போதும்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்க வேண்டாம். ஆளில்லாத பக்கமாகக் குழலைப் பிடித்தபடி குறைந்தது 30 விநாடியாவது காத்திருங்கள். வெடி தாமதித்து வருவதுண்டு. பிறகு எடுத்த தோட்டாவின் கெப்பை, அதாவது அடியில் ஃபயரிங் பின் குத்தும் சின்ன மூடியை, பாருங்கள். நடுவில் ஆழமான வட்டக் குழி இருந்தால் குறை தோட்டாவில் இருக்கலாம். ஆழமில்லாத தடம் என்றால் போல்ட்டைப் பாருங்கள். கெப் துளைத்திருந்தால் ஃபயரிங் பின்னின் முனை கூராகியிருக்கலாம். அந்தத் துளையால் சூடான வாயு பின்னோக்கி வரும். அந்தத் துவக்கை அன்றே ஓரமாக வையுங்கள்.

இதை வாசித்துவிட்டு, வரப்பு வெட்டும்போது கிடைத்த பழைய போல்ட்டையோ துருப்பிடித்த ரவையையோ எடுத்துச் சுரண்டிப் பார்க்க யாரும் கிளம்பிவிடக் கூடாது. 2009இல் போர் முடிந்தும் நம் மண் இன்னும் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸாருக்குச் சொல்லுங்கள். பன்றி வரும் வழியில் பொறியாகக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக்கும், வெடிமருந்தைக் குழலில் இடித்து ஏற்றும் இடியன் துவக்குக்கும் நான் ஆலோசனை சொல்லப் போவதில்லை. அவை பன்றியைவிட மனிதர்களின் காலைத்தான் அதிகம் தேடுகின்றன.

அனுமதிப்பத்திரங்கள் ஆண்டுதோறும் ஒக்டோபர் முதலாம் திகதி முதல் டிசம்பர் 31 வரை புதுப்பிக்கப்படுகின்றன. நான் புதுப்பிக்கப் போன இடத்தில் துவக்கின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போல்ட்டை யாரும் திறக்கவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவரிடம் இந்த ஆயுதத்தைக் கொடுக்கும் அரசு, அது பிடித்திருப்பவரின் முகத்தில் வெடிக்காது என்றும் உறுதிப்படுத்தித்தான் முத்திரை குத்த வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் புதுப்பிக்கும் காலத்தில் குறிப்பிட்ட சில நாட்களிலாவது பயிற்சி பெற்ற ஆயுதப் பராமரிப்பாளர் ஒருவரை அந்த இடத்தில் இருத்துங்கள். துளை தேய்ந்த போல்ட்டை அவர் பிரித்து வைக்கட்டும், தேய்ந்த பின்னுக்கு உரிய பின்னைப் போடட்டும், துடைக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கட்டும். கொழும்புக்குப் போகும் பஸ் செலவுக்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் சைக்கிள் கம்பியைத் தேடுகிறார்கள்.

ஆளில்லை என்று சொல்ல முடியாது. இந்த வேலை தெரிந்து ஓய்வுபெற்ற பலர் வன்னியிலேயே இருக்கிறோம். எழுத்தில் அனுமதி தந்தால் கூலி வாங்காமல் வந்து உட்கார நான் தயார். ஒரு மேசையும், ஒரு வைஸும், நல்ல வெளிச்சமும் வேண்டும். பஞ்சுகள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுதப் பராமரிப்பாளர்,
நெடுங்கேணி.