மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்

அன்புள்ள செல்வி,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து எனக்கு அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை.

முடி கொத்துக் கொத்தாக வருகிறது, சீப்பை எடுக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தண்ணீரையும் ஷாம்பூவையும் குறை சொல்கிறாய். அதை விடு, மூன்று மாதம் பின்னால் போய்ப் பார். டைபாய்டு வந்து படுத்திருந்தாயே! கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து இளைப்பது, எதுவானாலும் வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் அப்படியே இருந்துவிட்டு அப்புறம்தான் உதிரும். உடம்பு தேறின பிறகு கொட்டுவதால் நமக்குக் காய்ச்சல் ஞாபகத்துக்கே வருவதில்லை. வேர் சாகவில்லை செல்வி. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும். நெற்றி ஓரத்தைக் கண்ணாடியில் பார், குட்டி முடி நிமிர்ந்து நின்றால் புதுசு வருகிறது என்று அர்த்தம்.

இருந்தாலும் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடு. முடிக்கென்று விற்கும் பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல். தைராய்டு ரிசல்ட்டையே அது தப்பாகக் காட்ட வைக்கும்.

உன் தம்பிக்கும் முடி போகிறதே, அந்த விஷயம் வேறு. உச்சியிலும் நெற்றியின் இரு பக்கமும் வருஷக்கணக்கில் மெலிந்து வருவது பரம்பரை. டிஎச்டி என்ற ஹார்மோனால் முடிக்கால்கள் சுருங்கி, முடி பூனைமயிராகிவிடுகிறது. பெண்களுக்கும் வரும், ஆனால் முன்நெற்றி அப்படியே இருக்க வகிடு அகலும். இது தானாகத் திரும்பாது. சீக்கிரம் ஆரம்பித்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம். தலையில் தடவும் மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. தடவ ஆரம்பித்த சில வாரம் இன்னும் கூடுதலாகக் கொட்டலாம். அங்கேதான் பலரும் பயந்து விட்டுவிடுகிறார்கள். நாலைந்து மாதமாவது பொறுக்கச் சொல். நிறுத்தினால் கிடைத்த பலன் போய்விடும், அதையும் சொல். டிஎச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடவே வேண்டாம். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக்கூடாது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதே. தலைத்தோல் சிவந்து, எரிந்து, முடி போன இடம் வழவழவென்று ஆகிவிட்டால் உடனே தோல் டாக்டரைப் பார். தழும்பாகிவிட்ட இடத்தில் முடி மறுபடி முளைக்காது.

ரிசல்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
மீனா